ரெண்டில் ஓடுகிற ஃபேன்

ஐப்பசி பிறந்து நாலாம் ராத்திரி
இந்திராணி எழுந்து போய்
ஐந்தில் ஓடிய ஃபேனை மூன்றுக்குத் திருப்பினாள்.
பங்குனியிலிருந்து அந்தக் குமிழை
யாரும் தொட்டதில்லை.
காலையில் பார்த்தேன்,
தூசியில் அவளுடைய இரண்டு விரல்.

மதுரைக்கு இவ்வளவுதான் குளிர்.
ஆனாலும் போர்வை தேடினோம்.
பரணிலிருந்து ஒன்று வந்தது
பாச்சை உருண்டை வாசனையோடு.
இன்னொன்றை எலி தின்றிருந்தது.
ஒரு போர்வைக்குள் இரண்டு பேர்
என்று எழுதலாம், அழகாகத்தான் இருக்கும்.
அவள் முழுசாகச் சுருட்டிக்கொண்டாள்.
நான் வேட்டியை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டேன்.

மழை வந்தால் என் பட்டறை ஈயாடும்.
போரில் தண்ணீர் ஏறினால் மோட்டார் எரியாது,
எரியாத மோட்டாருக்குக் காயில் கட்ட
எவன் வருவான்.
செல்லூர்ச் சந்தில் ஷட்டரைப் பாதி தூக்கி
எதிர்த் தகரத்தில் சொட்டு எண்ணிவிட்டு
பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அவளுக்கோ தீபாவளி.
விளக்குத்தூண் பக்கம் நாலு மாடி ஜவுளிக்கடை,
இரண்டாம் மாடி, பூனம் சேலை.
சட்டப்படி உட்கார ஒரு ஸ்டூல் உண்டு;
அதன்மேல் சேலை அடுக்கியிருக்கிறது.

ஆகவே இந்த வாரம் சமையல் நான்.
திங்கள் ரசம்.
செவ்வாய் அதே ரசம், கொஞ்சம் தைரியமாக.

ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும்
கொடி கட்டியாயிற்று, குனிந்தே நடக்கிறோம்.
மாம்பழ மஞ்சளில் அவளுடைய கடைச் சீருடை,
இடுப்புப் பட்டியில் மட்டும் ஈரம் விடவில்லை.
இஸ்திரிப் பெட்டியை வைத்ததும்
குபுக்கென்று ஆவி.
அதில் சோப்பு கொஞ்சம், அவள் கொஞ்சம்.

புதன்கிழமை சண்டை.
என் தம்பிக்கு மூவாயிரம் கொடுத்தது தெரிந்துவிட்டது.
சொல்ல மறந்துவிட்டேன் என்றேன்.
"மறந்தீகளா, மறைச்சீகளா?"
எனக்கே சரியாகத் தெரியவில்லை.
அதன்பிறகு பேச்சு ஃபேன் வழியாகத்தான்.
நான் நாலு வைப்பேன்.
அவள் ஒன்று வைப்பாள்.
இருட்டில் டக், டக்,
பேர் சொல்லாமல் கூப்பிடுகிற மாதிரி.

வியாழன் வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.
கல்பாலம் முங்கிப்போச்சு என்றான் பால்காரன்.
பத்து மணிக்கு வரவேண்டியவள்
பதினொன்றாகியும் வரவில்லை.
போன் அணைந்திருந்தது.
குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
கரை நெடுக ஆட்கள்
செல்போன் வெளிச்சம் அடித்து
ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
ஜெயிலிலிருந்து வந்த சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல.
ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாய்ப் போனது.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போனது, நிமிர்ந்தபடி.

ஏ.வி. பாலத்தைச் சுற்றிக்கொண்டு
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள்.
என்னைப் பார்த்ததும் கோபம் ஞாபகம் வந்து
முகத்தை மாற்றிக்கொண்டாள்.
ஆனாலும் குடைக்குள் வந்தாள்.
"சாப்பாடு என்ன?"
"ரசம்."
ஆற்றுக்கே கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டாள்.

வெந்நீரில் போட உப்பு எடுக்கப்போனால்
ஜாடியில் பாதி தண்ணீராகியிருந்தது.
அப்படியே ஊற்றினேன்.
கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து
சதை மெல்லத்தான் மேலே வந்தது.
எண்ணிப் பார்த்தேன், ஏழு.
நேற்று எத்தனை என்று தெரியாது,
நேற்று தொடவில்லையே.

அன்று ராத்திரி ஃபேன் ரெண்டில் ஓடியது.
யார் வைத்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறும் அவளுக்கு லீவு இல்லை.
குளியலறைக் கதவு மழையில் உப்பி
சாத்த மாட்டேன் என்கிறது.
தச்சரிடம் இழைப்புளி இரவல் வாங்கி வந்தேன்.
தலை சீவிக்கொண்டே தடுத்தாள்.
"இப்பச் செதுக்கினா வெயிலுக்கு இடுக்கு விடும்.
சும்மா விடுங்க.
தையில அதுவே மூடும்."

அதுவரைக்கும்
உள்ளே போகிறவர் பாடவேண்டும் என்று ஏற்பாடு.
அவள் பாடுகிறாள்,
ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, சோப்பு தீரும்வரை.
எனக்குப் பாட்டு வராது.
இருமுகிறேன்.